மருமகன் வரும் நேரம்

"ஒப்பரேஷன் முடிஞ்சு நல்லா நடக்கத் தொடங்கினாப் பிறகு நீங்க முதல்ல என்ன செய்யணும் எண்டு ஆசைப்படுறீங்க?" என்று எலும்பு டொக்டர் ஜெயராஜா கேட்டார்.

இடுப்புமூட்டு தேய்ந்து தன்னிடம் வருகிற எல்லோரிடமும் அவர் கேட்கிற கேள்விதான் அது. ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்பார். இன்னொருவர் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகவேண்டும் என்பார். உன்னிச்சைப் பக்கத்து விவசாயி ஒருவர், வயல் வட்டைக்குப் போய் வரம்பில் ஒரு நடை நடந்தால் போதும் என்றாராம். அறுபத்து மூன்று வயதான சித்தி நபீஸா முக்காட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, யோசிக்காமலே பதில் சொன்னாள்.

"மருமகன் வீட்டுக்குள்ள வந்தா நான் எழும்பி உள்ளுக்குப் போகணும் டொக்டர். அது போதும்."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற மகள் அஸ்மியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற ஆசிரியைக்கு, சொந்த உம்மாவின் வாயை அடக்கத் தெரியவில்லை.

"அப்ப இந்த ஒப்பரேஷன் மருமகனுக்கா?" என்றார் டொக்டர்.

"எனக்குத்தான். ஆனா அவராலதான்," என்றாள் நபீஸா.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காத்தான்குடியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்துவைப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். நபீஸாவும் ஒன்பது வருசத்துக்கு முன்னால் தன் வீட்டை அஸ்மியாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஒதுங்கிக்கொண்டாள். அது பெரிய தியாகமுமில்லை, கவலையுமில்லை. அவளுடைய உம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினாள். சிக்கல் வேறு. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் மாமி மருமகனின் கண்ணில் படுவது மரியாதையில்லை என்று நபீஸா வளர்க்கப்பட்டிருந்தாள். அவர் முன்வாசலால் வந்தால் இவள் பின்பக்கம் போய்விடுவாள். சோற்றை ஆக்கி, குழம்பு ஆணத்தை மூடி மேசையில் வைத்திருப்பாள், ஆளைக் காணக்கிடைக்காது.

இந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு ஒரே சோபாவில் இருந்து நாடகம் பார்க்கிறார்கள். மார்க்கத்திலும் இதற்கு ஒரு தடையுமில்லை, மருமகன் பெற்ற மகனுக்குச் சமம் என்று பள்ளி மௌலவியே பயானில் சொல்லியிருக்கிறார். "மௌலவிக்கு என்ன, அவர் சொல்லுவார்" என்று நபீஸா அதை ஒரே வசனத்தில் முடித்துவைத்தாள். மருமகன் றமீஸும் அவளுக்குச் சளைத்தவரல்ல. இரும்புக்கடை வைத்திருக்கிற மனிதர்; ஆளுக்கு ஆறடி உயரம், பேச்சுக்கு ஆறு சொல். இந்த ஒன்பது வருசத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசியது, நபீஸாவின் கணவர் முகைதீன்பாவா மௌத்தான அன்று, "மாமி, அடக்கிப்போட்டு வந்திட்டம்" என்று அவர் சொன்ன அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வருசமாக இடுப்பு வலித்தது. ஒப்பரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே நபீஸா எழும்பிப் போய்விடுவாள், அதுவும் நொண்டிக்கொண்டு. இரும்புக் குண்டை உள்ளே வைத்து என்னைக் கபுறுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா என்று கேட்பாள். அந்தப் பிடிவாதத்தைப் போன மாசியில் ஒரு பகல் முடித்துவைத்தது. மேசையில் ஆணத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்க ஒரு நிமிசம் கதிரையில் இருந்தவளுக்கு, எழும்ப முடியவில்லை. அதே நேரம் றமீஸ் வந்துவிட்டார். அவள் கதிரைக் கையைப் பிடித்து உன்னினாள், இடுப்பு அசையவில்லை. கடைசியில் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி, சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார்.

உழைத்துவிட்டு வந்த பிள்ளையை அவருடைய வீட்டிலேயே பட்டினியாகத் திருப்பி அனுப்பிவிட்டேனே என்று நபீஸா அன்று அழுதாள். அடுத்த கிழமையே ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தாள்.

வைகாசியில் ஒப்பரேஷன் நடந்தது. விழித்துப் பார்த்தபோது இரண்டு வருசத்து வலி போயிருந்தது. அதன் இடத்தில் வெட்டின காயத்தின் வலி இருந்தது. "இது ஆறுற வலி, அது ஆறாத வலி" என்று தாதி சொன்னாள். மூன்றாம் நாளே கட்டிலிலிருந்து இறக்கி வோக்கரைப் பிடிக்க வைத்தார்கள். முதல் அடி வைத்தபோது நபீஸாவுக்குக் கண்ணால் தண்ணீர் கொட்டியது. வலியாலா சந்தோசத்தாலா என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோ மிஸ் டினுஷா ஒரு நீளப் பட்டியலே சொன்னாள். உயரம் குறைந்த, பதிவான கதிரையில் இருக்கக்கூடாது. காலுக்கு மேல் கால் போடக்கூடாது. குனிந்து கீழே கிடப்பதை எடுக்கக்கூடாது. மூன்று மாதத்துக்குக் கதிரையில் இருந்துதான் தொழவேண்டும். கட்டிலிலேயே படுத்துக் கிடக்காமல் நாளைக்கு நாலைந்து தரம் நடக்கவேண்டும்.

"எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்டு, அம்மா. அவசரப்படக்கூடாது. இப்ப விழுந்தீங்க எண்டா நாங்க திரும்ப முதல்ல இருந்து தொடங்கணும்," என்றாள் டினுஷா. நபீஸா தலையாட்டினாள்.

பின்னறைக்குப் போக இரண்டு படி ஏறவேண்டும்; அங்குள்ள கக்கூசில் குந்தித்தான் இருக்கவேண்டும். அதனால் முன்ஹோலோடு ஒட்டிய அறையை அவளுக்கு ஒழுங்குபடுத்தினார்கள். வோக்கர் நுழைய இடம் போதாதென்று கதவைக் கழற்றிவிட்டு, இரும்பு வளையம் கோத்த சீலையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். இழுத்தால் வளையங்கள் கம்பியில் உரசிக் கிறீச்சிடும், வெளியே முன் ஒழுங்கைக்கே கேட்கும். அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்திருந்தபடியால் உள்ளே காற்று வராது. வெளியே கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதம். ஆகவே பகலெல்லாம் நபீஸா ஹோலில், நாலு கால்களுக்கும் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்திய கதிரையில் இருந்தாள். கதிரையிலிருந்து சீலை வரைக்கும் நல்ல காலத்தில் பதினேழு அடி வைத்தால் போதும். இப்போது அது நாற்பதுக்கும் மேல் போயிற்று.

அஸ்மியா பள்ளிக்கூடம் விட்டு வர ஒன்றே முக்கால் ஆகும். காலையில் பின்வீட்டுப் பஹீமா வந்து, குளிக்கவார்த்து, சமையலையும் முடித்துக் கொடுத்துவிட்டு, பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு கேட்டதும் தன் வீட்டைப் பார்க்கப் போய்விடுவாள். றமீஸோ லுஹர் தொழுதுவிட்டுக் கடையைப் பூட்டி, ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். இடையில் அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் நபீஸா மட்டும்தான். அவர் கேற்றைத் திறந்து உள்ளே வரும்முன் எழும்பி, அந்த நாற்பது அடியைக் கடந்து, சீலையை இழுத்துவிடவேண்டும். டொக்டரிடம் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இதைத்தானே.

ஒரு வசதி இருந்தது. றமீஸின் பழைய மோட்டார் சைக்கிள் பள்ளிவாசல் மூலையில் திரும்பும்போதே ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் கிழமை அஸ்மியா லீவு போட்டிருந்தாள். அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே விபரீதம் நடந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நபீஸா கதிரைக் கையை ஊன்றி எழும்பினாள். டினுஷா சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. வேகமாக வைத்த வோக்கரின் ஒரு கால் பாய் விளிம்பில் மாட்ட, அது சரிந்து தடாலென்று விழுந்தது. நல்லவேளை, கை எட்டும் தூரத்தில் அலுமாரி இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வோக்கர் கீழே கிடக்கிறது, குனியக்கூடாது.

கேற்றுக்கு வெளியிலிருந்து குரல் கேட்டது. "மாமி? ஒண்டுமில்லயே?"

ஒன்பது வருசத்தில் இது இரண்டாம் தடவை. பதிலுக்கு அவள் இரண்டு தரம் இருமினாள். நான் விழவில்லை என்று அந்த இருமலுக்கு அர்த்தம். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்; மேலே ஒன்றும் கேட்கவில்லை. நபீஸா அலுமாரியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அறைக்குள் போய்ச் சீலையை இழுத்தாள். அதன் பிறகுதான் கேற் திறந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு சீலையை விலக்கிப் பார்த்தால், வோக்கர் அறை வாசலில் அவள் கைக்கு எட்டும்படி நிமிர்ந்து நின்றது. ஹோலில் விரித்திருந்த பாய்கள் ஒன்றையும் காணவில்லை. சுருட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தன.

மருமகன் தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அதோடு நின்றது. அன்றைக்கு மட்டும் அவர் வெளியே நின்றார், மற்ற நாட்களில் ஏன் நிற்கப்போகிறார்?

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு பந்தயம்தான். சத்தம் கேட்டதும் எழும்புவாள். இப்போது கவனமாக, குதியை முதலில் ஊன்றி, பிறகு விரல், கண் முன்னாலே. சீலைக்குள் போய் வளையங்களை இழுப்பாள். இழுத்த கையோடு கேற்றின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். ஒரு நாளாவது அவர் முந்தவேண்டுமே? கிடையாது. ஒவ்வொரு நாளும் இவள்தான் வென்றாள். நாலாவது கிழமையில் நாற்பது அடி இருபத்தைந்தாகச் சுருங்கியது. இதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை கிளினிக்கால் வந்து பார்த்தால், சுவர் நெடுக, அவள் கை உயரத்துக்கு அளவாக இரும்புக் குழாயொன்று பூட்டப்பட்டிருந்தது. அஸ்மியாதான் சொல்லிச் செய்வித்திருப்பாள் என்று நபீஸா நினைத்தாள்.

கிளினிக்கில் டினுஷா அவளை நடக்கவிட்டுப் பார்த்து அதிசயப்பட்டாள். "உங்களோட ஒண்டா ஒப்பரேஷன் செய்துகொண்டவங்க இன்னும் கட்டிலை விட்டு இறங்கப் பயப்படுறாங்க. நீங்க என்ன செய்றீங்க?"

"ஒவ்வொரு நாளும் எங்கட மருமகனோட ஓட்டப் போட்டி, புள்ள. அவர் மோட்டார் சைக்கிள்ல, நான் வோக்கர்ல. இதுவரைக்கும் நான்தான் வெண்டிரிக்கன்."

டினுஷாவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. "பதறாத காரியம் சிதறாது எண்டு சொல்லுவாங்க, அம்மா. ஆறுதலா நடங்க. மருமகன் ஓடிப்போக மாட்டார்."

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நபீஸா கதிரையில் இருந்தபடி கையேந்துவாள். டொக்டர் ஜெயராஜாவின் கைக்கு சுகத்தைக் கொடு. இரவில் முழித்திருந்து பார்த்த தாதிமாரின் பிள்ளைகளை நல்லா வை. டினுஷாவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடக்கட்டும். அவளுடைய வேதத்தில் எப்படிக் கேட்பார்களோ அப்படியே நடக்கட்டும். முகம் சுளிக்காமல் குளிக்கவார்க்கிற பஹீமாவுக்கு, லீவில்லாமல் அல்லாடுகிற அஸ்மியாவுக்கு என்று அந்தத் துஆ நீண்டுகொண்டே போகும். மருமகனுக்கும் ஒன்று கேட்பாள், வழக்கமாகக் கேட்பதுதான்: யாவாரத்தில் பறக்கத்தைக் கொடு, அது செழிக்கட்டும்.

ஏழாவது கிழமை ஒரு காலை, பஹீமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ராத்தா, கோவிக்கப்படாது. ஊருக்க ஒரு கதை அடிபடுது."

"சொல்லுகா."

"நீங்க மருமகனோட பகையாம். அவர் சாப்பிட வந்தா உள்ளுக்க விடாம கேற்றடியில நிப்பாட்டி வைக்கிறீங்களாம். ஒவ்வொரு நாளும் வெயிலுக்க நிக்கிறாராம்."

நபீஸாவுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கினபோது கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனாலும் இப்படியுமா சொல்வார்கள்? "ஆர் சொன்னது?"

"முன்வீட்டு மீராசாஹிப் காக்கா கண்ணால கண்டவர். ஏன் மகன் வெயிலுக்க நிக்கிறீங்க எண்டு கேட்டிரிக்கார். இஞ்சின் சூடு ஆறட்டும் எண்டு நிக்கிறன் எண்டாராம் உங்கட மருமகன். இஞ்சின் சூடு ஆற ஆராச்சும் வெயில்ல நிப்பாட்டுவாங்களா?"

பஹீமா போன பிறகும் நபீஸாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாங்கு சொன்னது. தொழுதாள், எத்தனை றக்அத் தொழுதோம் என்பதே மறந்து, திரும்பத் தொழுதாள். பள்ளி மூலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கவனித்துக் கேட்டாள். மூலையிலிருந்து கொஞ்சத் தூரம் வந்து, சத்தம் நின்றுவிட்டது. இத்தனை நாளும் எழும்புகிற பதற்றத்தில் இதை அவள் கவனித்ததேயில்லை.

எழும்பி அறைக்குள் போனாள். ஆனால் சீலையை இழுக்கவில்லை. வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேற் திறக்கவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு நிமிசம் போயிற்று. ஐந்து நிமிசம் போயிற்று. கச்சான் காற்றில் வேப்பஞ்சருகு முற்றத்து மணலில் உருண்டுகொண்டிருந்தது. வெளியே யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிசம். கடையைத் திரும்பத் திறக்க அவருக்கு இருப்பதே முக்கால் மணி நேரம். மெதுவாகச் சீலையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் கிறீச்சிட்டன.

அந்த நிமிசமே தாழ்ப்பாள் திறந்தது.

நபீஸா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். அவர் கை கழுவுகிற சத்தமும் பீங்கான் சத்தமும் கேட்டன. அப்படியென்றால் ஆறு கிழமையாக அவள் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. எதிர்த்து ஓட ஆளே இருக்கவில்லை. மாமி அவசரப்பட்டு விழுந்துவிடக்கூடாது என்று அவர் வெயிலில் நின்று வளையச் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறார். சொன்னால் அவள் வெட்கப்படுவாள் என்று பெண்சாதிக்குக்கூடச் சொல்லியிருக்கமாட்டார். அந்த இரும்புக் குழாயை இரும்புக்கடைக்காரரைத் தவிர வேறு யார் கொண்டுவந்து பூட்டுவார்? இந்தச் சின்ன விசயம்கூட எனக்குப் படவில்லையே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நன்றி இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு கையேந்தியபோது மருமகனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. யாவாரத்துப் பறக்கத்து மட்டும் போதாது என்று பட்டது.

பின்னேரம் அஸ்மியாவிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "மருமகன் பகல் சாப்பாட்டைப் பத்தி ஏதும் சொன்னாரா மகள்?"

"இல்லயே உம்மா. ஏன், உப்புக் கூடிட்டா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வியாழன் கிளினிக்கில் டினுஷா வோக்கரை வாங்கிவைத்துவிட்டு, ஊன்றி நடக்கிற பொல்லு ஒன்றைக் கையில் கொடுத்தாள். படி ஏறி இறங்கவும் பழக்கினாள். "ஏறக்குள்ள நல்ல கால் முதல்ல. இறங்கக்குள்ள ஒப்பரேஷன் செய்த கால் முதல்ல. மறந்திடாதீங்க." நபீஸா அதைக் கலிமாவைப் பாடமாக்குவதுபோலப் பாடமாக்கினாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அஸ்மியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் ஏறி இறங்கினாள். என்னத்துக்கு இவ்வளவு பாடு என்று மகள் கேட்டதற்கு, காற்று வாங்க என்றாள்.

திங்கட்கிழமை பஹீமா போனதும் தொழுதுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். இந்த முறை மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. சீலைப் பக்கம் திரும்பவுமில்லை. விறாந்தைக்கு வந்தாள். படி இரண்டு. ஒப்பரேஷன் செய்த காலை முதலில் இறக்கினாள், பொல்லை ஊன்றினாள், மற்றக் காலை இறக்கினாள். அடுத்தது முற்றம். காத்தான்குடி முற்றமென்றால் மணல்தான். பொல்லு ஊன்றின இடமெல்லாம் புதைந்தது. வீட்டு டைல்ஸில் நடந்து பழகிய காலுக்கு இது வேறு உலகம். நடுமுற்றத்தில் ஒரு தரம் கால் தடுமாறியது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். திரும்பினாலும் அதே தூரம்தான். பிஸ்மில்லாஹ் என்று அடுத்த அடியை வைத்தாள்.

கேற்றைத் தொட்டபோது பள்ளி மூலையில் சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் நின்றது. ரயர் மணலில் உருளுகிற ஓசை நெருங்கி வந்தது, தள்ளிக்கொண்டு வருகிறார். தகரக் கேற்றுக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவருடைய செருப்பும் தூசி படிந்த காலும் தெரிந்தன. அந்தக் கால்கள் அசையாமல் நின்றன. இந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் அவள் நிற்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து வரவேண்டிய வளையச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறார்.

நபீஸா தாழ்ப்பாளைத் தள்ளிக் கேற்றைத் திறந்தாள்.

றமீஸ் திடுக்கிட்டுப் போனார். சேட்டு முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. மாமியைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்தினார். கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அப்படியே திரும்பி ஒழுங்கையைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நேரம் கிடக்கு மாமி," என்றார் முதுகைக் காட்டியபடி. "நீங்க ஆறுதலாப் போங்க. நான் நிக்கிறன்."

மாமி எப்படியோ முற்றத்துக்கு வந்து அகப்பட்டுக்கொண்டாள், அவள் ஒதுங்க நேரம் கொடுக்கவேண்டும் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். நபீஸாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியபோது கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு நேரம் வேணாம் மகன். ஆறு கிழமையா நீங்க தந்த நேரம் போதும். வெயிலுக்க நிண்டதும் போதும். உள்ளுக்க வாங்க."

அவர் திரும்பவில்லை. முன்வீட்டு வாசலில் கதிரை போட்டிருந்த மீராசாஹிப் பேப்பரைத் தாழ்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நபீஸா குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "காக்கா, எங்கட மருமகன்ட இஞ்சின் சூடு ஆறிட்டு. ஊருக்கும் சொல்லிப்போடுங்க." மீராசாஹிப்புக்குப் பேப்பரில் திடீரென்று ஏதோ முக்கியமான செய்தி அகப்பட்டுவிட்டது.

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் வந்தார். ஆறடி ஆளுக்கு அந்த முற்றம் எட்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும். ஆனால் அவர் அவளை முந்தவில்லை. அவள் நின்றபோது நின்றார், நடந்தபோது நடந்தார். படியடிக்கு வந்ததும் நல்ல காலை முதலில் தூக்கி வைத்தாள். விறாந்தை ஜன்னல் கண்ணாடியில் பின்னால் வருகிறவரின் உருவம் தெரிந்தது. நடை பழகுகிற பிள்ளைக்குப் பின்னால் வாப்பா போவது மாதிரி, இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கை அவளைத் தொடவில்லை. தொடத் தேவையும் வரவில்லை.

ஹோலுக்கு வந்ததும் நபீஸா நின்றாள். வலப்பக்கம் சீலை, இடப்பக்கம் அவளுடைய உயரக் கதிரை. பழகின கால்கள் சீலைப் பக்கம் திரும்பப் பார்த்தன. அவள் பொல்லைக் கதிரைப் பக்கம் ஊன்றினாள். போய், டினுஷா காட்டித் தந்தபடி கதிரைக் கையை எட்டிப் பிடித்து, மெதுவாக இருந்தாள்.

றமீஸ் கை கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்தார். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் சோற்றைப் பார்த்தார், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆணத்துக்கு உப்புக் காணுமா மகன்?" என்றாள் நபீஸா.

"காணும் மாமி," என்றார் றமீஸ். பிறகு, கொஞ்சம் யோசித்து, "றால் நல்ல ருசி," என்றார். ஒரே நாளில் அவ்வளவு பேசினதில் அவருக்கு வியர்த்துவிட்டது.

அஸ்மியா பள்ளிக்கூடத்தால் வந்து வாசலில் கால் வைத்தவள், உள்ளே இருந்த இரண்டு பேரையும் கண்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்பதுபோல நின்றாள்.

மூன்று மாதம் முடிந்ததும் டொக்டரிடம் காட்டப் போகவேண்டியிருந்தது. அன்று அஸ்மியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. றமீஸ் கடையைப் பூட்டிவிட்டு, ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லடிப் பாலத்தில் வரும்போது நபீஸா வாவியைப் பார்த்து, தண்ணீர் வற்றிப்போய்க் கிடக்கிறதே என்றாள். அவர் ஓம் என்றார். அது போதுமான பேச்சாக இருந்தது.

டொக்டர் ஜெயராஜா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவளை நடக்கச் சொன்னார். பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு நபீஸா அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, திரும்பி வந்தாள். டொக்டருக்கு முகமெல்லாம் சந்தோசம்.

"அண்டைக்கு நீங்க ஒரு ஆசை சொன்னீங்க, ஞாபகம் இரிக்கா? மருமகன் வந்தா எழும்பி உள்ளுக்குப் போகணும் எண்டு. இப்ப ஏலுதா?"

நபீஸா கதவடியைப் பார்த்தாள். அவளுடைய பொல்லையும் மருந்துத் துண்டையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் வரும்வரைக்கும் றமீஸ் அங்கே நின்றார்.

"ஏலும் டொக்டர்," என்றாள். "ஆனா, நான் போறதில்ல."